நாய் தின்ற பனீர்

ஆமாம், போட்டேன். உங்கம்மா தட்டில் இருந்த பனீரை எடுத்து நாய்க்குப் போட்டது நான்தான். அதற்கா போனில் அந்தக் கத்து கத்தினாய்? "உனக்கு எல்லாமே விளையாட்டாப்பா? அம்மா ஒடம்பு கூடவா விளையாட்டு?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. போன் உங்கம்மா கையில் இருந்தது. சத்தத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் முழுங்கினேன். இப்போது கேட்டுக்கொள். நாய் அந்தப் பனீரைத் தின்றது, வாலை ஆட்டியது, படுத்துத் தூங்கியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கம்மாவுக்குத்தான் ஆகிறது.

சரி, முறையாக ஆரம்பிக்கிறேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் யார் எதைத் தின்னலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று உத்தரவு போடுகிற என் மகள் பூவிழி அம்மாளுக்கு, ஜவ்வாது மலையில் காவலூருக்கு மேலே இருந்து அப்பன் சடையன் எழுதிக்கொள்வது. இதற்கு அடுத்த வரியில் இங்கு அனைவரும் நலம் என்று எழுத வேண்டும். அஞ்சாவது வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். படித்ததில் எனக்கு மறக்காதது அது ஒன்றுதான். ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நான் நலம். மாடு நலம், கன்று நலம். நாயைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "பூவிழி போன்ல பேசறப்ப இதப்பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலமேல கைய வெச்சு சொல்லு" என்றாள். வைத்தேன், சொன்னேன். வாயைத் திறக்கவில்லை. காகிதம் எழுதக்கூடாது என்று சேர்த்துச் சொல்லாதது அவள் தப்பு. இப்போது அவள் மரத்தடியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் வீட்டுக்குள் கணக்குப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கும். பொறுமையாகப் படி.

தைக்கு வந்தபோது ஆலங்காயத்தில் ரத்தம் கொடுத்து வாங்கிவந்த சீட்டைப் பார்த்து உன் முகம் சுண்டிப்போனது. சர்க்கரை ஏறியிருக்கிறது, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே விட்டால் மாத்திரை போய் ஊசிதான் என்றாய். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாய். உடம்புக்குள்ளே ஒரு அடுப்பு இருக்கிறதாம், அதற்கு மெட்டபாலிசம் என்று பேராம். உங்கம்மாவுக்கு அது புகைந்து புகைந்துதான் எரிகிறதாம். அதனால் போட்ட விறகு எரியாமல் கொழுப்பாக அடைகிறதாம். அப்போது நான், "என்னப் பாத்தா மட்டும் குப்புனு பத்திக்குதே, அது எந்த அடுப்பும்மா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. உங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நீ படமாகப் போட்டுக் கொடுத்தாய். சூரியன் கிளம்புகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் ஒரு டம்ளர் பால், அதில் நீ வாங்கிவந்த புரோட்டீன் டப்பா மாவு ஒரு கரண்டி. உச்சி வெயில், பக்கத்தில் சாமைச் சோறு கொஞ்சம், காய் நிறைய, தயிர் ஒரு கிண்ணம். அப்புறம் மோர். சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள் பனீர். களி உருண்டைமேல் பெருக்கல் குறி போட்டாய். சர்க்கரை போட்ட டீமேல் இரண்டு பெருக்கல் குறி போட்டாய், அது எனக்கும் சேர்த்து என்று புரிந்துகொண்டேன். உங்கம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். காலையில் சாமியைக் கும்பிட்டுவிட்டு அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

உன் சீட்டை நான் குறை சொல்லவில்லை. சாப்பிட்டதும் நடக்கச் சொன்னாய், நடக்கிறாள். தனியாக நடந்தால் ஊர் சிரிக்கும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். இப்போது இரண்டு பேரையும் பார்த்து, "இன்னா, மாடு தொலஞ்சு போச்சா?" என்று கேட்கிறார்கள். இருட்டுவதற்குள் சாப்பிடச் சொன்னாய், அதுவும் நடக்கிறது. சோறு குறைந்தது, இனிப்பு நின்றது. அதெல்லாம் நல்லதுதான். எனக்கே மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வம்பு எல்லாம் அந்த டம்ளரிலும் கிண்ணத்திலும் இருக்கிறது.

முதல் நாளே அவள் வயிறு பேச ஆரம்பித்தது. நான் மழை இடிக்கிறது என்று நினைத்து வெளியே போய்க் காயப்போட்ட புளியை அள்ளப் பார்த்தேன். அப்படி ஒரு சத்தம். அப்புறம் ஓட்டம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூசில் நாம் புளி மூட்டை அடுக்கி வைத்திருந்தது உனக்குத் தெரியும். நீ வரும்போது மட்டும் காலி பண்ணுவோம். இப்போது மூட்டை எல்லாம் நடு வீட்டுக்கு வந்துவிட்டது, நான் மூட்டைமேல்தான் படுக்கிறேன். பழகினால் சரியாகும் என்றாள். மாதம் போனது, பழகவில்லை. குடித்தால் வயிறு உப்புகிறது, முறுக்குகிறது, தின்றது தங்காமல் வெளியே போகிறது. டப்பா மாவு குடித்த அன்று இன்னும் மோசம்.

நீ நம்ப மாட்டாய் என்று அவள் பங்கில் கொஞ்சம் நானும் குடித்துப் பார்த்தேன். அவளுக்குக் குறையட்டும் என்றும் ஒரு நினைப்பு. அந்தக் கதையைக் காகிதத்தில் எழுத முடியாது. கதவுக்கு உள்ளே அவள், கதவுக்கு வெளியே நான். "செல்லி, சீக்கிரம் வாயேன்" என்று தட்டுகிறேன். உள்ளேயிருந்து, "பூவிழி எனக்குப் போட்டுக் குடுத்தத நீ ஏன் துண்ண? நல்லா வேணும்" என்கிறாள். அதற்கப்புறம் என் பங்கை எல்லாம் நாய்க்கு மாற்றினேன். பனீர் போட்ட அன்றைக்கு அவளிடம் மாட்டிக்கொண்டேன், அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள். மற்றதை எல்லாம் மறைத்தவள் இதை மட்டும் சொல்லியிருக்கிறாள் பார்.

எடை குறைந்தது என்று ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று உனக்குப் படம் அனுப்பினாளே, நீ கூட கை தட்டினாயே, அது அடுப்பு எரிந்து குறைந்தது இல்லை அம்மா. ஜாக்கெட் தோளை விட்டு இறங்குகிறது, வளையல் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. போனில் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, பவுடர் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

அவளிடம் நீ கேட்காமல் இல்லை. என் எதிரில்தான் கேட்டாய். "பாலு தயிருலாம் உனுக்கு ஒத்துக்குமாம்மா?" என்றாய். "அதெல்லாம் நல்லா ஒத்துக்கும்" என்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்து முறைத்தாள். உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. நீ ஒண்ணாவதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். நம் வீட்டில் பால் கறக்கிற வழக்கம் கிடையாது. உங்கம்மா பிறந்த வீட்டிலும் கிடையாது. மாடு ஏருக்கும் சாணிக்கும்தான், பால் கன்றுக்குத்தான். கன்றை இழுத்துக் கட்டினால் இப்போதும் அவள் அடிக்க வருவாள். நாங்கள் குடிக்கிற டீயில் பால் ஏது?

ஆனால் நீ லீவுக்கு வருகிறாய் என்று தெரிந்தால் முதல் நாளே இறங்கிப் போய்க் காவலூரில் பூபாலன் கடையில் பாக்கெட் பால் வாங்கி வருவாள். காய்ச்சுவாள், உறை ஊற்றுவாள். காலையில் உனக்கு டம்ளரில் பால், மத்தியானம் கெட்டித் தயிர். "நீ குடிக்கலியாம்மா?" என்று கேட்பாய். "நான் அப்பவே குடிச்சுட்டேன்" என்பாள். ஹாஸ்டலில் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற புள்ளைக்கு நம் வீட்டில் ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். அப்படியே நீ இந்த வீட்டில் எப்போதும் பால் இருக்கிறது என்று நினைத்து வளர்ந்துவிட்டாய். ஒத்துக்குமா என்று நீ கேட்டபோது, நான் குடித்ததே இல்லை என்று சொன்னால் அந்த டம்ளர் எல்லாம் உனக்காக மட்டும் வாங்கியது என்று ஆகிவிடுமே. அதனால் ஒத்துக்கும் என்றாள். ஒத்துக்குமா ஒத்துக்காதா என்று அவளுக்கே எப்படித் தெரியும்? வாயில் வைத்திருந்தால்தானே.

இதுவரைக்கும் படித்துவிட்டு அழாதே. இனிமேல்தான் நான் எழுத வந்தது இருக்கிறது.

போன வாரம் மேட்டுப் புளியமரத்தில் நான் கிளையை உலுக்க, அவள் கீழே பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லையே என்று குனிந்து பார்த்தால் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கி வந்தேன். வேர்த்துப் புடவை நனைந்திருந்தது, கை நடுங்கியது. "இன்னாடி, மரத்துல ஏறினது நானு, வேர்க்கறது உனக்கா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து "அண்ணா" என்று கூப்பிட்டாள். உனக்குச் சிரிப்பு வரலாம். வேறு நாளாக இருந்தால் நானே ஊர் பூராவும் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு என்னைத் தெரியவில்லை அம்மா.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிற ஈஸ்வரி அந்த வழியாக வந்தது சாமி செயல். ஓடி வந்து அவள் வாயில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஈஸ்வரி என்னைத்தான் திட்டினாள். "மாத்திரய முழுசாப் போடறாங்க, துண்ணது ஒண்ணும் வயித்துல நிக்கல. அப்ப சர்க்கரை எறங்கிப் போவாம இன்னா ஆவும் பெரிப்பா? யாருமே இல்லாத எடத்துல இப்டி ஆச்சுன்னா எழுந்துக்க மாட்டாங்க. நெறைய பேருக்குப் பாலு ஒத்துக்காது. பூவிழி கிட்ட சொன்னா அதுவே வேற மாதிரி மாத்திக் குடுத்துடும். டாக்டரப் பாத்து மாத்திரையவும் கேளுங்க" என்றாள். உன் நம்பர் அவளிடம் இல்லை. போன் உங்கம்மா இடுப்பில் இருக்கிறது. நம்பரைக் கேட்டதும் இவள் ஈஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஈஸ்வரியே பயந்துவிட்டாள். ஆலங்காயம் போகலாம் வா என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். புளி வேலை முடியட்டும் என்கிறாள்.

எதற்கு இத்தனை பிடிவாதம் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன். சொன்னாள்.

தைக்கு வந்தபோது நீ வாய்தவறி ஒன்று சொன்னாயாம். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் உன்னை நிரந்தரம் பண்ணுவார்கள் என்று. அதே வாயால், அம்மாவுக்குத்தான் நானே முழுசா முதல் சீட்டு எழுதியிருக்கேன், எங்க பெரிய மேடத்துக்கிட்ட காட்டினேன் என்றும் சொன்னாயாம். அவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். உன்னை அவர்கள் பார்க்கிற அந்த ஆறு மாதமும் தன் உடம்பை வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "மொதமொதல்ல எழுதின சீட்டு மாமா. எனக்கு ஒத்துக்கலன்னு தெரிஞ்சா, பெத்த தாய்க்கே சரியா எழுதத் தெரியல, உனக்கு எதுக்கு வேலன்னு அனுப்பிடுவாங்க. ஆறு மாசம்தான? நான் தாங்கிப்பேன்" என்றாள்.

அப்படி எல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் எப்படி வேலை கொடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எனக்கும் உள்ளே ஒரு பயம்தான். இந்தக் காகிதத்தால் உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். "இன்னா மாமா, புதுசா கண்ணாலம் ஆனவன் மாதிரி சுத்திச் சுத்தி வர்ற?" என்று அவள்தான் இப்போது என்னைக் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். பாலும் தயிரும் அந்த டப்பா மாவும் இல்லாமல் ஒரு சீட்டு எழுது. இங்கே கொள்ளு இருக்கிறது, மொச்சை இருக்கிறது, துவரை இருக்கிறது. கோழி முட்டை போடுகிறது. ஆலங்காயம் சந்தையில் கருவாடு வாங்கி வருவேன். முருங்கைக்கீரை பறிக்க எனக்கு இன்னும் கை எட்டுகிறது. இதில் எது உன் மெட்டபாலிசத்துக்கு ஆகும், எவ்வளவு ஆகும், எந்த நேரத்தில் ஆகும் என்று எனக்குத் தெரியாது, அது உன் படிப்பு. கொள்ளு சூடு என்கிறார்கள், அது அடுப்புக்கு நல்லதா கெட்டதா? நீ சொல்கிறபடி நான் ஆக்கிப் போடுகிறேன். சிரிக்காதே, எனக்கும் ஆக்கத் தெரியும். இதெல்லாம் முதல் மாதத்துச் சீட்டு, இது இரண்டாவது சீட்டு, எல்லாருக்கும் இப்படித்தான் மாற்றுவோம் என்று அவளிடம் சொல். மாத்திரையையும் டாக்டரைக் கேட்டுச் சொல். உன் வேலைக்கும் அவள் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்றால், அதை உன் வாயால் அவள் காதில் போடு. நான் சொன்னால் ஏறாது. சம்பந்தம் இருக்கிறது என்றால்

அவள் வந்துவிட்டாள். கதவுகிட்ட நின்றுகொண்டு, "இன்னா எழுதற?" என்கிறாள். புளி எத்தனை மூட்டை வந்தது என்று பூவிழிக்கு எழுதுகிறேன் என்றேன். படி என்றாள். எழுதாததை எல்லாம் எழுதின மாதிரி படித்தேன். இந்த வருஷம் புளி நல்ல சதை, உன் அம்மா சுகம், உன் சீட்டால் பதினாறு வயசுப் பொண்ணு மாதிரி ஆகிவிட்டாள் என்று நான் பாட்டுக்கு அடித்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புளிய எழுதவா இத்தினி காகிதம்? கண்ணு ஏன் செவந்துகீது?" என்று கேட்டாள். எனக்கு மேலே பொய் வரவில்லை அம்மா. இத்தனை வருஷம் அவளிடம் சொன்ன பொய்யெல்லாம் சிரிப்பதற்குச் சொன்ன பொய்.

முதலில் இருந்து படித்தேன். நாய் வந்த இடத்தில் முறைத்தாள். டம்ளர் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். புளியமரம் வந்தபோது, "நான் அண்ணான்னா கூப்ட்டேன்?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. உன் வேலையைப் பற்றி எழுதிய இடம் வந்தது. அதற்குமேல் படிக்க விடவில்லை. எழுந்துவிட்டாள். "எல்லாத்தயும் எழுதிட்ட. புள்ளைக்கு வேல போச்சுன்னா நீ போய் வாங்கிக் குடுப்பியா?" என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கு, உட்காரு, கேளு என்று கையைப் பிடித்தேன். உதறினாள். உள்ளே போய்ச் சாயங்காலத்து மோரை எடுத்துவந்து, என் எதிரில் நின்று, மாத்திரையை வாயில் போட்டு, ஒரே மூச்சில் முழுசையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போகிறாள்.

எழுதிக்கொண்டே பார்க்கிறேன், முதுகு இன்னும் தெரிகிறது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் பின்னாலேயே போக வேண்டும். எழுத நினைத்தது பாதி நிற்கிறது, அது உனக்கே தெரியும். காலையில் முதல் பஸ்ஸில் இதை ஆலங்காயத்துக்குக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கைக்கு வந்ததும் பேசு. வேலை முடியட்டும் என்று வைத்திருக்காதே.

நீ நல்லா இருக்கணும் தாயி. அவ இருக்கணும்.

அப்பன்,
சடையன்